சாம்பல் பட்டை

பல் தேய்த்தான், பாலைச் சுட வைத்தான், படம் போடுவதற்கு முன் நிறம் சரிபார்க்கும் சோதனைத் தாளைப் பிரிண்டரில் ஓடவிட்டான். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் பட்டைகள் வரிசையாக இறங்கின. தாளைத் தங்கையிடம் நீட்டினான்.

“எப்படி இருக்கு?”

“அருமையா இருக்குண்ணா.”

“நேத்தும் அதையேதான் சொன்னே. பச்சை அடிக்குதா?”

“கறுப்பு வெள்ளையில பச்சை எப்படிண்ணா வரும்? மை தீர்றதுக்குள்ள படத்தைப் போடு, மாட்டிடலாம்.”

“கறுப்பு வெள்ளைக்கும் கலர் மை கலந்துதான் பிரிண்ட் ஆகுது. நல்லா பாரு.”

“உன் கண்ணாலேயே பாரேன்!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பச்சையும் சிவப்பும் அவனுக்குப் பிறவியிலேயே பிரிந்து தெரியாது. இத்தனை நாள் பார்த்துச் சொன்ன மனைவிதான் இப்போது சுவரில் படமாகத் தொங்கப் போகிறவள். அவளைக் கொண்டுபோன விபத்து நடந்த அன்று காலையிலும், செருப்பை மாட்டியபடியே பட்டையைப் பார்த்துச் சொன்னாள்:

“லேசா பச்சை அடிக்குது. இருங்க, சாயங்காலம் வந்து பாக்கறேன்.”