நாய் இல்லாத வேதாகமம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பசு ஜோயானாவின் இரண்டு கொம்புகளையும் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன்.

அன்று என் சமையலறை மேசையில் இரண்டு வேதாகமங்கள் கிடந்தன. சுற்றி ஐந்து பேர் நின்றோம். யாரும் உட்காரவில்லை.

ஒன்று, அட்டையில் பொன் சிலுவை போட்ட எங்கள் கோயில் மொழிபெயர்ப்பு. மற்றது சிலுவையே இல்லாத கறுப்பு அட்டை. கிரிஷ் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் மனந்திரும்பினவர்கள் வாசிப்பது.

மனந்திரும்பினவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றமாட்டார்கள். சிலுவை போட்டுக்கொள்ள மாட்டார்கள். மீசை நரைத்த பிறகும் ஆற்றில் முழுகி, இன்னொரு தடவை ஞானஸ்நானம் வாங்குவார்கள். இதையெல்லாம் மன்னித்துவிடலாம். சாராயமும் குடிக்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவன் எங்கள் கோயில் கல்யாணத்தில் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. நானோ ஞாயிற்றுக்கிழமை இலாரியேயின் மகள் ருக்சாந்திராவுக்கு ஞானத்தகப்பன். ஆளுயர மெழுகுவர்த்தியோடு மணமக்கள் பக்கத்தில் நிற்கவேண்டியவன். கிளிகோர் மாமா நிற்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்தப் பெண் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தாள். இப்போது கதவோரம் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பசுவால் வந்தது.

தனியாக உட்கார்ந்து படிக்க எந்த மொழிபெயர்ப்பு நல்லது என்று முடிவு செய்ய நினைத்தேன். நியாயமாகச் செய்ய வேண்டாமா? ஒரே அதிகாரத்தைக் காலையில் எங்கள் மொழிபெயர்ப்பில் ஜோயானாவுக்கு வாசித்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அது தூங்கிவிட்டது. மாலையில் கறுப்பு அட்டையை வாசித்தேன். வாக்கியங்கள் சின்னவை. ஒரு வாளிப் பால் கூடுதலாகக் கறந்தது.

கறுப்பு அட்டை என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சந்தையில் வெங்காயம் வாங்கும்போது பைக்குள் விழுந்திருக்கவேண்டும்.

பால் கூடியதில் என் மனைவி சவேட்டாவுக்குச் சந்தேகம். வைக்கோலைக் கிளறிப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். கோயில் மணி அடிப்பதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அதனால்தான் பாதிரியார் வந்திருந்தார். கூடவே இலாரியே. ‘என் பொண்ணு கல்யாணம், நானே சோதிக்கிறேன்’ என்று அவராகவே முன்வந்தாராம்.

வேதாகமத்தைச் சோதிக்க எங்கள் ஊரில் ஒரே வழி, நாய். எங்கள் மொழிபெயர்ப்பில் பார்வை போன ஒரு கிழவரின் மகன் தூரதேசம் போவான். பின்னாலேயே அவன் நாயும் போகும். மனந்திரும்பினவர்களுடையதில் அந்தக் கதை மொத்தமும் கிடையாது. கதையோடு நாயும் போயிற்று.

இலாரியே கட்டைவிரலை நாக்கில் தொட்டார். கறுப்புப் புத்தகத்தை ஒரே தடவைதான் பிரித்தார்.

“நாய் இல்ல, சாமி.”

திரிந்த பாலைப் பார்ப்பதுபோலப் பாதிரியார் என்னைப் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

“அது சரி, இலாரியே. எந்தப் பக்கத்துல நாய் இல்லன்னு இவ்வளவு சட்டுனு எப்படிக் கண்டுபிடிச்சே?”

சவேட்டா திரும்பி அவரைப் பார்த்தாள். பாதிரியாரின் கண்ணும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. இலாரியேயின் காதுகள் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தன.

அவர் கோட்டுக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்தார்.

“வாய் ரொம்ப நீளுது அண்ணே. இந்தா, குடிச்சுக் காட்டு.”

நீயும் குடி என்றேன். இரண்டு பேரும் ஒரே மடக்கில் குடித்தோம். நான் இருமினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இலாரியே மேசையைக் குத்தினார். இந்த வருஷத்துப் பிளம் சாராயம் நெஞ்சைக் கிழிக்கிறது என்றார்.

பாதிரியார் தொண்டையைக் கனைத்து, தமக்கும் ஒரு வாய் கிடைக்குமா என்பதுபோலப் பார்த்தார். காலி என்று சொல்லி இலாரியே குப்பியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். உள்ளே ஏதோ தளும்பியது என்று சவேட்டா பிற்பாடு சொன்னாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்தான்.

பாதிரியார் இன்னும் நகரவில்லை. இரண்டு புத்தகங்களையும் என் பக்கம் தள்ளினார்.

“யாரும் பாக்காதப்ப எதை எடுப்பே, கிளிகோர்? கையை வை.”

ருக்சாந்திரா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. பொன் சிலுவையின் மேல் கையை வைத்தேன். சில்லென்றிருந்தது.

அந்தப் பெண் ஓடிவந்து என் தோளில் முகம் புதைத்து அழுதாள். எரித்துவிடுகிறேன் என்று கறுப்புப் புத்தகத்தைப் பாதிரியார் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய பிரசங்கத்தில் வாக்கியங்கள் சிறுத்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. சூடான மெழுகு முழங்கை வரை ஒழுகியும் நான் மெழுகுவர்த்தியைச் சாய்க்கவில்லை. பார்த்தீர்களா, ஒரு மனுஷனை அநியாயமாகச் சந்தேகப்பட்டால் கடைசியில் என்ன ஆகிறது என்று ஊரே பேசிக்கொண்டது.

இதெல்லாம் செப்டம்பரில். மூன்று ஊர் தள்ளி, அதே கிரிஷ் ஆற்றில், என்னையும் இலாரியேயையும் ஒன்றாக முழுக்கியெடுத்தது அந்த வருஷம் மே மாதம்.