பதினொரு வளையல்கள்

எதிரில் இருந்த பெண்ணின் இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டும் சீனியர் பெண் ஜெனிட்டா குத்தியவை.

"ஆன்ட்டி, நீங்க பாருங்க" என்று ஜெனிட்டா எழுந்துகொண்டாள்.

ஆன்ட்டி கையுறையை மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

ஐம்பத்தொரு வயது. ஓராண்டுப் படிப்பு. இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டாவது நாள்.

படிக்கச் சேர்ந்தபோது, பிள்ளையைச் சேர்க்க வந்தீங்களா என்று கேட்டார்கள். என்னைச் சேர்க்க வந்தேன் என்றாள்.

இந்த வாரம் மூன்று பேரிடம் தவறிவிட்டாள். இன்றும் தவறினால் திங்கட்கிழமையிலிருந்து வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலைதான். காலையில் ஜெனிட்டா அதை மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னால் வலிக்காது என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும்.

கண் நன்றாகத் தெரிகிறது. நரம்பும் விரலுக்குக் கிடைக்கிறது. ஆனால் குத்தும்போது எதிரில் இருப்பவர் முகம் சுளித்துவிட்டால் போதும், இவள் பிடி தானாகத் தளர்ந்துவிடும்.

இருபத்தாறு வருடப் பழக்கம்.

கோவில்பட்டியில் அவளும் கணவரும் வளையல் கடை வைத்திருந்தார்கள். வளைகாப்பு வீடுகளில் கண்ணாடி வளையல் போடும்போது உடைந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் வீட்டுக்காரர்களுக்கு முகம் வாடிவிடும். 'ஸ்' என்று சத்தம் கேட்டதும் விட்டுவிட வேண்டும். அப்படியே வளர்ந்த கை.

ரத்தம் வந்துவிடக் கூடாதே என்று வேலை பார்த்தவளுக்கு, இப்போது ரத்தம் வந்தால்தான் வேலை.

எதிரில் நிறைமாதக்காரி. இனிப் புறங்கை நரம்புதான். அதை மறைத்துக்கொண்டு கிடந்தன வளைகாப்பு வளையல்கள். பிரசவம் வரை கழற்ற மாட்டார்கள்.

பின்னால் மாமியார் நின்றிருந்தார். மூத்த மருமகளின் வளைகாப்புக்கு வளையல் அடுக்கியவள் இவள்தான். இந்த இளையவளுக்குக் கூப்பிடவில்லை. நடுவில் இவள் கணவர் இறந்துபோயிருந்தார். ஒரு வீடு கூப்பிடுவதை விட்டது, பிறகு ஒவ்வொரு வீடாக விட்டது, கடைசியில் கடையையே விட வேண்டியதாயிற்று.

"வேற புள்ள யாரும் இல்லையா?" மாமியார் ஜெனிட்டாவிடம்தான் கேட்டார்.

பதில் இவள் சொன்னாள்.

"அந்தப் புள்ள ரெண்டு தடவ பாத்துட்டா, மதினி. இப்ப நான் பாக்கேன்."

ஒவ்வொரு வளையலாக மேலே ஏற்றினாள். பதினொன்று. அதற்கும் மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். புறங்கையில் மெல்லிய பச்சைக் கோடு எழுந்தது.

துடைத்தாள். காய விட்டாள்.

ஊசி இறங்கியது.

'ஸ்.'

விரல் தளரப் பார்த்தது.

பயந்தாள். பயந்துகொண்டே பிடித்தாள். விடவில்லை.

குழாயில் சிவப்பு ஏறியது.

மன்னிச்சுக்கோம்மா என்ற பழைய வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

இரண்டாவது குழாயும் நிறைந்தது. பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டினாள். ஜெனிட்டா குழாய்களில் பெயர் எழுத ஆரம்பித்தாள்.

வளையல்கள் மேலேயே சிக்கிக்கொண்டன. கை கொஞ்சம் வீங்கியிருந்தது. மாமியார் ஒன்றை இழுத்தார். மருமகள் முகம் சுளித்தாள். இன்னொரு முறை இழுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வளையல் உடைந்தாலும் ஆகாது.



"நீயே இறக்கி விட்டுரேன்" என்றார் மாமியார். குரல் இறங்கியிருந்தது.

அவள் கையுறையைக் கழற்றினாள். கைகளைக் கழுவினாள். வளையல் இல்லாத தன் மணிக்கட்டை மறைக்கவில்லை.

ஒன்று. இரண்டு. சாய்த்து, கொஞ்சம் திருப்பி, விட்டுப் பிடித்து.

பதினொன்றும் இறங்கின. ஒன்றுகூட உடையவில்லை.

மருமகள் கையை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

இவள் பெட்டியிலிருந்து புதுக் கையுறை ஒன்றை உருவினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மதினி. அடுத்த ஆளு உக்காரணும்."