இருபது லீற்றரும் ஒரு கையும்

"கையையே விட்டனீர்?"

"கையைத்தான். பின்னை காலையோ—"

"முழங்கை வரைக்கும்!"

"அடி வரைக்கும் கலக்க வேண்டாமோ?"

அவள் வலக்கையிலிருந்து பழுப்பாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

விடியலிலிருந்து அவள் கணவர் காய்ச்சிய பீர். இருபது லீற்றர். முளைதானிய மால்ட் கரைந்த நீரில் கசப்புக்கான ஹொப்ஸ் பூ ஒரு மணி நேரம் கொதித்து, ஆறி, வாளிக்கு வந்திருந்தது. வாளியை மூன்று தரம் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் அலசியிருந்தார். அகப்பையை. மூடியை. தன் கைகளை. அவளைச் சமையலறைக்குள் தும்மவும் விடவில்லை.

ஈஸ்ட் பக்கற்றை எடுக்க அறைக்குள் போனார்.

அவ்வளவுதான்.

"நீங்கள்தானே காலமை சொன்னியள், இதும் தோசைமா புளிக்கிற மாதிரி எண்டு."

"மாதிரி எண்டுதானே சொன்னனான்!"

"மாவுக்கு நான் கைதானே விடுறனான்."

மகளின் கல்யாணத்துக்கு ஐந்து கிழமை. பந்தியில் தன் பீர்தான் என்று மாப்பிள்ளையின் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் ஜேர்மன்காரர். செய்முறையையும் எழுதித் தரச் சொல்லியிருந்தார்.

நுரைத்து அடங்கி, போத்தலில் தெளிய, ஐந்து கிழமையும் வேண்டும். இன்னொரு தரம் காய்ச்ச நாள் இல்லை.

"கெட்டுப்போகும், சறோ. அந்தாள் ஒரு வாய் குடிச்சிட்டு என்ர முகத்தைப் பார்க்கும். அதுக்கு ஊத்திறது மேல்."

வாளியைக் கழுவுதொட்டியின் விளிம்புக்குத் தூக்கினார்.

அழைப்பு மணி அடித்தது.

கீழ்மாடிப் பவளம். கையில் சட்டி, தலையில் கம்பளித் தொப்பி.

"அக்கா, ரெண்டு நாளா மா பொங்கேல்லை. இந்தக் குளிருக்கு உங்கட கை பட்டால்தான். ஒருக்காக் கலக்கிவிடுங்கோ."

"கேளுங்கோ, இவர் விடுவாரோ எண்டு."

சறோ கையைக் கழுவினாள். சட்டிக்குள் விட்டாள்.

விரல்கள் விரிந்தன. அடியைத் தொட்டன. மாவை அள்ளி உயர்த்தி, தூங்கும் பிள்ளையைப் புரட்டுவதுபோலக் கவிழ்த்தன. ஓசையே இல்லை.

கனடாவின் ஸ்காபரோவில் இருபத்தெட்டுப் பனிக்காலம். அவள் கலக்கிய மா ஒரு நாளும் பொங்காமல் விட்டதில்லை. எட்டு மாடியிலிருந்தும் சட்டிகள் மின்தூக்கியில் வந்து போயின. கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

திறந்துவிட்டு, செய்தி பார்க்கப் போய்விடுவார்.

இன்று போகவில்லை.

பவளம் சட்டியோடு போனாள். சறோ திரும்பிப் பார்த்தபோது வாளி தரையில் இருந்தது. நிறைந்தபடி.

அவர் பக்கற்றை வெட்டினார். ஈஸ்ட்டைத் தூவினார். மூடியை அழுத்தினார்.

பிறகு செய்முறைக் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு தரம் காய்ச்சியதற்கும் ஒரு பக்கம். சூடு, நிமிடம், கிராம்.

மால்ட் எழுதினார். ஹொப்ஸ். ஈஸ்ட்.

பேனை நின்றது.

"இஞ்சாரும். இதில உம்மட கையை என்னெண்டு எழுதிறது?"