ஒரு வாய் ஜெலாட்டோ

அம்மாவின் மூக்குக் குழாயில் மனைவி திவ்யா கஞ்சித் தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படங்கள் முத்துப்பாண்டியின் செல்போனில் வந்து விழுந்தன.

குடும்ப வாட்ஸ்அப் குரூப். அனுப்பியவள் தங்கச்சி சத்யப்ரியா. இத்தாலியில், ஜெனோவா என்கிற ஊரில் கப்பல் கட்டுகிற படிப்பு படிக்கிறாள். முதல் படத்தில், தட்டில் சுருண்டு கிடந்தது ஒரு ஆக்டோபஸ் கால். அடுத்ததில் அவள் கையில் பச்சை நிறத்தில் ஜெலாட்டோ, அந்த ஊர் ஐஸ்கிரீம். கீழே, 'பிஸ்தா. நாக்குல வச்சதும் கரஞ்சுருச்சு' என்று எழுதியிருந்தாள்.

முத்துப்பாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அம்மா ஒச்சம்மாளுக்குக் கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு வாய் வழியாக எதுவும் இறங்குவதில்லை. பேச்சும் குழறும், பழகியவர்களுக்குத்தான் புரியும். சமயநல்லூரில் ஐரை மீன் குழம்பு வைத்துத் தெருவுக்கே கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பிய மனுஷி.

அவளைத் தன் கே.கே. நகர் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து முத்துப்பாண்டி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். வீட்டில் கறி, மீன் கிடையாது. தாளிக்கிறபோது அடுப்படிக் கதவைச் சாத்திவிட வேண்டும். அம்மாவின் கண் முன்னால் யாரும் டீகூடக் குடிக்கக் கூடாது. அவனே அடுப்படியில் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான். பெத்தவளை இம்புட்டுக் கவனமாகப் பார்க்கிற பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது, அவனுக்கும் அது சரி என்றே படும்.

அந்த வீட்டுக்குள்தான் நாள் தவறாமல் மட்டி, கணவாய், நெத்திலி வறுவல் என்று படம் வருகிறது. இத்தனைக்கும் இங்கே இருந்தவரை மீன் வாடை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறவள் சத்யா.

வாசலுக்கு வந்து போன் போட்டான்.

"நல்லாத் திங்கிறியா?"

"அண்ணே..."

"ஒரு சொட்டுத் தண்ணி வாயில விட முடியாமக் கெடக்கு அம்மா. நீ விதவிதமாத் தின்னு படம் காட்டுற. நேத்து போனை நெஞ்சுல வச்சுக்கிட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா? உன் படத்தப் பாத்துத்தான் அழுகுது. இனிமே ஒண்ணும் வரக் கூடாது. அதுகிட்டச் சாப்பாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவன் விடவில்லை. கடைசியில், "அழுதுச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "சரிண்ணே" என்றாள்.

படங்கள் நின்றன.

அதற்கப்புறம் அம்மா ஒடுங்கிப் போனாள். கொஞ்ச நாள் போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். பிறகு அதையும் தள்ளிவிட்டாள். கஞ்சி ஊற்றப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். மாசி மாசம் ஒரு காலையில் போய்ச் சேர்ந்தாள்.

எடுப்பதற்குள் சத்யாவால் வந்துசேர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தாள். யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. படம் போட்ட கதையை முத்துப்பாண்டி சொந்தத்துக்குள் சொல்லி வைத்திருந்தான்.

படையலில் அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் இருக்க வேண்டும் என்று அவனே அலைந்து வாங்கிவந்திருந்தான். இலையில் ஐரை மீன் குழம்பு ஆவி பறந்தது. பக்கத்தில் டம்ளர் நிறைய ஜிகர்தண்டா. கும்பிட்டு முடித்து எல்லோரும் பந்திக்குப் போனார்கள். சத்யா மட்டும் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வாடைக்குத்தாண்ணே அம்மா ஏங்கிக் கெடந்துச்சு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

அவள் மெதுவாகச் சொன்னாள். அவனும் திவ்யாவும் வேலை முடிந்து வருவதற்குள் அம்மா அவளுக்கு வீடியோ கால் போடுமாம். இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கிறாக, நான் உசுரோட இருக்கையிலேயே துட்டி வீடு மாதிரி ஆக்கிப்புட்டான், அவன்கிட்டச் சொன்னா அழுதுருவான் என்று சொல்லுமாம். நீயாச்சும் என் முன்னாடி உக்காந்து சாப்புடு, கடல்ல கெடைக்கிறதெல்லாம் வாங்கித் தின்னு எப்புடி இருக்குன்னு சொல்லு, நான் உன் வாயால தின்னுக்கிறேன் என்று கேட்குமாம். குமட்டலை அடக்கிக்கொண்டு இவள் ஆக்டோபஸை மெல்லுவதைப் பார்த்து, கண்ணில் தண்ணி வரச் சிரிக்குமாம். ஜெலாட்டோவை ஒரு வாய் வைத்ததும், நம்ம ஜிகர்தண்டா ஐஸ்கிரீம் மாதிரியா, அதைவிடக் கெட்டியா என்று விடாமல் கேட்குமாம். படத்தைக் குரூப்பில் போடச் சொன்னதும் அம்மாதானாம். அதைப் பார்த்தாவது மகன் கூச்சம் விட்டுத் தன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் சாப்பிடுவான் என்று.

முத்துப்பாண்டியால் இலையைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடி."

"அழுகுதுன்னு சொன்னீல்ல. எங்கிட்டச் சிரிச்சுட்டுத் தனியாக் கெடந்து அழுகுது போலன்னு நெனச்சேன். கூட இருந்து பாக்குறவன் நீதானண்ணே."

அவன் கேட்டான்.

"ஏன் நிப்பாட்டிட்டன்னு அம்மா கேக்கலையா?"

"தெனமும் கேட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"நீ வேணாம்னு சொன்னன்னு சொல்ல மனசு வரல. கடைசிவரைக்கும் உன் கையிலதான இருக்கணும், உம்மேல அதுக்கு வருத்தம் வந்துறக் கூடாதுல்ல. எனக்கு நேரமில்ல, சும்மா சும்மா போன் போடாதம்மான்னு சொல்லிட்டேன்."