எருமைக் கிழவர் பார்த்த மூன்று டிவிகள்

மகன் கல்யாண வீடியோவைக் கொக்கு வீட்டு டிவியில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து எருமைக் கிழவருக்கு நெஞ்சு ஆறவில்லை. தாலி கட்டும்போது அவர் மணமேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். திரையில் ஒரு கறுப்புக் கறைதான் தெரிந்தது. "மாப்பிள்ளையோட அப்பா வரலையா?" என்று கேட்டுச் சிரித்த கொக்கை அவர் மூன்று வருஷமாக மன்னிக்கவில்லை. சொந்தமாகப் பெரிய டிவி வாங்கி, தன் முகத்தை அவனுக்குக் காட்டியே தீருவது என்று வீடியோவும் கையுமாகக் கடைக்குப் போனார்.

முதலில் ஓஎல்இடி டிவி பேசியது. "ஐயா, என் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். என் கறுப்புதான் அசல் கறுப்பு."

போட்டுப் பார்த்தார். கறுப்பு அசலாகத்தான் இருந்தது. பந்தல் நிழல் எங்கே முடிகிறது, தான் எங்கே தொடங்குகிறோம் என்றுதான் தெரியவில்லை.

"எனக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது. வெளிச்சத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை," என்றது பக்கத்திலிருந்த கியூஎல்இடி.

அதில் முகம் தெரிந்தது. ஆனால் சாம்பல் பூசிய முகம். "யார் இந்தப் பன்றி?" என்றார் கிழவர்.

ஒன்றில் முகம் இல்லை, மற்றதில் நிறம் இல்லை. இரண்டும் மாற்றி மாற்றிப் பேசப் பேச அவருக்குத் தலை சுற்றியது. திரும்பினால், மூலையில் இன்னொரு டிவி. அதில் நல்ல கறுப்பாக, கொம்பு நுனிவரை தெளிவாக அவரே நின்றுகொண்டிருந்தார்.

"இதைக் கட்டிக் கொடுங்கள்," என்றார்.

"ஐயா, என்னை இன்னும் ஆன் செய்யவே இல்லையே," என்றது அது.

"செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொக்கு வருவான். அவன் எதிரிலும் இப்படியே இரு."