ஆரஞ்சு ஜாக்கெட் மாப்பிள்ளை

"பவுடர்னா முகத்துக்குப் பூசறது இல்லீங்க," என்று செல்வராஜ் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "ராத்திரி விழுந்த பனி. எவனும் கால் வைக்காதது, இடுப்பு வரைக்கும் இருக்கும். அதுல எங்க அகிலன் எறங்குனான்னா, மீன் தண்ணியில போற மாதிரி."

எதிரே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த பத்மநாபன், இன்னும் ஆகாத சம்பந்திக்குரிய அளவில் தலையாட்டினார்.

கலிபோர்னியாவின் சியரா மலையில், செல்போன் சிக்னல்கூட ஏறி வர யோசிக்கும் பனிச்சறுக்கு ரிசார்ட் அது. பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் பே ஏரியாவில் மானம் போய்விடும் என்பதால், இரண்டு வீட்டாரும் இதை 'கேஷுவல் ட்ரிப்' என்றே சொல்லிக்கொண்டார்கள். கேஷுவலாகத்தான் செல்வராஜின் மனைவி கண்மணி பட்டுப்புடவைக்கு மேல் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு, மல்லிகைப்பூவை ஐஸ் பெட்டியில் வைத்து, இந்தப் பனிக்குள் கொண்டுவந்திருந்தார்.

செல்வராஜ் போனை நீட்டினார். மேட்ரிமனி தளத்தில் மகனின் முதல் படம். ஆரஞ்சு ஜாக்கெட், ஹெல்மெட், பாதி முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, மீதிக்கு முகமூடி, பின்னால் புகையாகச் சீறும் பனி. தோல் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை.

"முகம் தெரிஞ்ச மாப்பிள்ளைங்க அத்தனை பேரையும் என் பொண்ணு வேண்டாம்னுட்டா," என்றார் பத்மநாபன். "இந்த ஒரு போட்டோவத்தான் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தா. நேர்ல பாக்கணும், அதுவும் இதே ரிசார்ட்ல பாக்கணும்னு அவதான் அடம் புடிச்சா."

"பர்சனாலிட்டிங்க. முகமெல்லாம் அப்புறம்."

பர்சனாலிட்டி பக்கத்து நாற்காலியில், மடிப்புக் கலையாத புது ஆரஞ்சு ஜாக்கெட்டில், வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தது.

போன வருடம் ஆபீஸ் ட்ரிப்பில் அகிலன் இங்கே வந்தது உண்மை. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க ஹாட் சாக்லேட் குடித்ததும் உண்மை. போரடித்தபோது வெளியே எட்டிப் பார்த்து, பனியைக் கிழித்துக்கொண்டு வந்த எவனோ ஒருவனைப் படம் எடுத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா போனைப் பார்த்து, "இது நீயாடா?" என்று கேட்டபோது அவன் வாயில் இட்லி இருந்தது. "ம்" என்றான்.

அந்த 'ம்'மை அப்பா எடுத்து வளர்த்தார். குபெர்டினோ நண்பர்கள் வட்டத்தில் அகிலன் இப்போது, ஒலிம்பிக்ஸுக்கே கூப்பிட்டும் கிரீன் கார்டு வராததால் போகாமல் விட்டவன்.

அகிலனின் கவலை வேறு. சில வாரங்களாகப் பத்மநாபனின் மகள் வான்மதியோடு போனில் பேசிப் பேசி, இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்ற இடத்துக்கு வந்திருந்தான். அவளும் பனியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, "அந்தப் போட்டோ யார் எடுத்தது?" என்றாள். "ஃப்ரெண்டு" என்று சொல்லிவைத்தான்.

கதவைத் திறந்துகொண்டு வான்மதி வந்தாள். கறுப்பு ஜாக்கெட்டில் அங்கங்கே பனித்தூள்.

"மேல லிஃப்ட் தொறந்துட்டாங்க. போலாமா?"

"முட்டி கொஞ்சம்..." என்று அகிலன் ஆரம்பித்தான்.

"முட்டியா, உனக்கா?" என்றார் செல்வராஜ். "அவனுக்கு அடக்கம் ஜாஸ்திம்மா. கூட்டிட்டுப் போ, உனக்கும் ரெண்டு டிப்ஸ் குடுப்பான்."

வான்மதி அவன் காலைப் பார்த்தாள். "பூட்ஸ் இடது வலது மாறியிருக்கு."

"எக்ஸ்பர்ட்ஸ் அப்படித்தான் போடுவாங்க," என்று செல்வராஜ் விளக்கினார். பத்மநாபன் குனிந்து தன் ஷூவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கம்பியில் தொங்கிக்கொண்டு வந்த இருக்கையில் வான்மதி அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். தரை விலகியது. கீழே அப்பா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உச்சி தெரிந்தது. அங்கே இருக்கை நிற்காது. ஓடும்போதே சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, செங்குத்தான வெள்ளைக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். உயிரா கல்யாணமா என்ற இடத்தில் அகிலன் உயிரைத் தேர்ந்தெடுத்தான்.

"வான்மதி, எனக்கு ஸ்கீயிங் தெரியாது."

"தெரியும்."

"இல்ல, சுத்தமாத் தெரியாது. கால்ல மாட்டியிருக்கற இந்தக் கட்டையில நிக்கவே தெரியாது."

"பூட்ஸப் பாத்தேனே. பயப்படாதீங்க, நாம இறங்கப் போறதில்ல. மேல நிக்கறவர்கிட்ட கை காட்டினா இதே சேர்ல திருப்பி அனுப்பிடுவார்."

அவனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் மிச்சத்தையும் சொல்லிவிட்டான்.

"அந்தப் போட்டோவுல இருக்கறதும் நான் இல்ல. எவனோ ஒருத்தன் சறுக்கிட்டுப் போறப்ப நான் எடுத்தது."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா என்னப் பாக்கணும்னு சொன்னீங்க?"

வான்மதி பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. நான்தான் அதுல கொஞ்சம் குண்டாத் தெரியறேன்."