எப்போது நிறுத்தினீர்கள்?

ஏலக்காய் வாங்கப் பிரான்சிலிருந்து வந்திருந்த அந்த அம்மா என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

“என்ன கேக்குறாக?” என்றார் என் மாமனார் மகாராஜன். பதற்றம் வந்தால் அவருக்குக் காது சிவக்கும். சிவந்திருந்தது.

“காய்க்குச் சாயம் போடுறீங்களான்னு கேக்குறாங்க மாமா.”

எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. மருதாயி அக்கா தோல் உரிந்த தன் பச்சை விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பின்னறையில் ஒரு டிரம் நிறையச் சாயத்தண்ணீர் இருந்தது. அந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் மாமனார் வாசலில் சால்வையோடு நின்று விருந்தாளியை வரவேற்றார்.

“சாயமா? எங்க அய்யா காலத்துல இருந்து அந்தப் பழக்கமே கெடையாதுன்னு சொல்லு. போடிமெட்டு மலையில செடியில நிக்கிறப்பவே இந்தப் பச்சைதான்னு சொல்லு. வெரசா சொல்லு தாயி.”

சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அடேயப்பா, என்ன நடிப்பு!

என் பிரெஞ்சைக் கேட்டு வீடு அதிரச் சிரித்தவர் இவர். கல்யாணமான புதிதில், மறந்துவிடக் கூடாதே என்று மாவாட்டும்போது வினைச்சொற்களைச் சொல்லிப் பார்ப்பேன். ழெத்தே, த்யூ எத்தே, இல் எத்தே. நான் இருந்தேன், நீ இருந்தாய், அவன் இருந்தான்.

“யாரைத் தூ தூன்னு துப்புற தாயி?” என்பார் கூடத்திலிருந்து.

மாமியார் சிரிப்பார். என் கணவர் முத்துப்பாண்டியும் சிரிப்பார். அப்பா சிரிக்காமல் அவர் தானாக எதற்காவது சிரித்து நான் பார்த்ததில்லை.

மொழிபெயர்க்க வர வேண்டிய ஆள் இன்று காலை வரவில்லை என்றதும் அதே பிரெஞ்சு குடும்பப் பெருமை ஆகிவிட்டது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

நான் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வரி சொன்னேன். முன்பு வழக்கமாக நடந்துகொண்டிருந்த ஒன்றைச் சொல்ல அவர்கள் மொழியில் ஒரு தனி இறந்தகாலம் உண்டு. வினையின் வாலை மட்டும் மாற்றினால் போதும். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அது சொல்லாது. தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டும்.

அவர் கேட்டார்.

“என்னவாம்?” என்றார் மாமனார்.

“எப்ப நிறுத்துனீங்கன்னு கேக்குறாங்க.”

பழக்கமே கிடையாது என்றவருக்கு, நிறுத்திய நாளை எங்கே போய்த் தேடுவது?

“நீ என்னத்தச் சொல்லித் தொலைச்ச?” என்றார். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது; பல் மட்டும் கடிபட்டது.

“நீங்க சொன்னதத்தான் சொன்னேன். அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு மாமா. ஒவ்வொரு லோடையும் அங்க சோதிச்சுப் பாத்துத்தான் எடுப்பாங்களாம்.”

முத்துப்பாண்டி தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“இன்னைக்கு,” என்றார் மாமனார் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. “இன்னையோட நிறுத்தியாச்சுன்னு சொல்லு.” பிறகு மகன் பக்கம் திரும்பி, “போயி அதக் கொட்டித் தொலைடா. கொல்லப்பக்கமாப் போ,” என்றார்.

நான் அந்த அம்மாவிடம் இன்னொரு வரி சொன்னேன். அவர் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. ஆர்டர் கிடைத்துவிட்டது என்று எண்ணி மாமனார் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

கிடைக்கத்தான் செய்தது. சாயம் தொடாத, கொஞ்சம் வெளுத்த காயைத்தான் முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டார். வெளியே சாக்கடையில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை அவர் ஒருவரைத் தவிர எல்லோரும் பார்த்தோம். மருதாயி அக்கா எழுந்து வாசல்வரை போயே பார்த்தாள். அந்த டிரம் அதன் பிறகு நிறையவில்லை. மனசாட்சியெல்லாம் இல்லை, சோதனைப் பயம்.

அந்த அம்மாவுக்குச் சாயம் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்டார். தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

எப்போது நிறுத்தினீர்கள் என்றார்.

இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு, என்றேன்.